தவறணையில் ஓர் ஆப்த வாக்கியம்



கோயிற் செய்திமடலிலே தவறணையைப் பற்றி எழுதுவது தகுமோ என்று எமக்கே முதலில் தயக்கமாக இருந்தது. ஆசிரியர் குழுவிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். "தவறணைக்குப் போனதை எழுதப்போறீரோ, அங்கை இருந்தவையைப் பற்றி எழுதப்போறீரோ?" என்றார். இரண்டும் வரும் என்றோம். "அப்ப முதலாவதைச் சுருக்கி எழுதும்" என்றார். ஆகையாற் சுருக்கமாகவே சொல்லுகிறோம்.

நாம் கணக்காளராகத் தொழில் செய்து வருவது உங்களிற் பலருக்குத் தெரியும். எமது வாடிக்கையாளர்களுள் அயர்லாந்துக்காரர் ஒருவரும் உண்டு. இங்கே லண்டனில் எமது வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதூரத்திலே தவறணை வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருடைய வற் வரிக் கணக்கை முடித்துக் கொடுக்கப் போகும்போது எமக்கென்று ஒரு கோப்பைத் தேநீர் போட்டுத் தருவார். அந்தத் தவறணையின் மேல்மாடி அறையில், சில ஆண்டுகளுக்கு முன், அயலவர்கள் சிலர் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்கள். எமக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் கிடைத்தன. கந்தசஷ்டி நாட்கள் அவை, மனைவி விரதம். நாம் தனியே போனோம். விரத காலத்திலே தவறணைப் படி ஏறிய குற்றம் எம்முடையதே. அங்கேயும் தேநீர்தான் குடித்தோம் என்பதை மட்டும் பதிவுசெய்து மேலே செல்கிறோம்.

நாடகத்தின் பெயர் 'த வீர்'. எழுதியவர் கொனர் மக்பெர்சன் என்ற டப்ளின்காரர். 1997 யூலையில் றோயல் கோர்ட் நாடக நிறுவனம் லண்டனில் இதனை முதன்முதலாக மேடையேற்றியபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். லீற்றிம் மாவட்டத்திலே தனியே வாழ்ந்த தம் பாட்டனாரைப் பார்க்கப் போய்வந்த அனுபவத்திலிருந்து இது பிறந்தது என்பார்கள். 'வீர்' என்றால் ஆற்று நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தக் குறுக்கே கட்டும் சிற்றணை. எங்கள் வன்னிக் குளங்களிலே வான் என்று சொல்வோமே, அதற்குக் கிட்டிய உறவுமுறை. நாடகத்தில் வரும் தவறணைச் சுவரிலே 1951-இல் அந்த அணை திறக்கப்பட்டபோது எடுத்த படம் தொங்குகிறது. அணைக்கு அதற்குமேற் பெரிய வேலை எதுவும் நாடகத்தில் இல்லை. தேங்கி நிற்கும் தண்ணீர் என்ற நினைவு மாத்திரம் பார்ப்பவர் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

கதை முழுவதும் ஒரே இரவில், ஒரே அறையில் நடக்கிறது. அயர்லாந்தின் வடமேற்கு நாட்டுப்புறம், வெளியே காற்று. ஜக் என்பவர் வருகிறார். ஐம்பதைத் தாண்டிய பிரமச்சாரி. வாகனத் திருத்தகம் வைத்திருப்பவர். தவறணையில் ஒருவரையும் காணோம். தாமே உட்பக்கம் போய்க் கின்னஸ் குழாயை இழுத்துப் பார்க்கிறார். அது பழுது. ஒரு போத்தலை எடுத்து உடைத்துக்கொண்டு, அதற்குரிய காசைத் தாமே கல்லாப்பெட்டியிற் போடுகிறார். பார்ப்பவர் யாருமில்லை. எமது தொழிலிலே இதற்கு உட்கட்டுப்பாட்டுக் குறைபாடு என்று பெயர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவராகவே இருக்கும் கல்லாப்பெட்டியை எந்தக் கணக்காய்வாளர் ஏற்றுக்கொள்வார்? பக்கத்திலே நின்ற எமது வாடிக்கையாளரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணிற் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பின்னர் ஒவ்வொருவராக வருகிறார்கள். தவறணைச் சொந்தக்காரன் பிரெண்டன்; தாயாரோடு வாழும் ஜிம்; ஊரை விட்டுப் பட்டினம் போய் விடுதி நடத்திப் பணக்காரனான ஃபின்பார். சிறுவயது முதல் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் பேசுவதைப் போலவே குத்தலும் கேலியுமாகப் பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்கு ஃபின்பார், டப்ளினிலிருந்து வந்து அங்கே வீடெடுத்திருக்கும் வலரி என்ற பெண்ணை அழைத்து வருகிறார். இளம் பெண் ஒருத்தி உள்ளே வந்ததும் இந்த ஆண்கள் படும் பாடுதான் நாடகத்தின் நகைச்சுவை. அவள் வெள்ளை வைன் கேட்கிறாள். அந்தத் தவறணையில் அதை யாரும் கேட்டதே இல்லை. வீட்டுக்குள்ளே தேடி யாரோ தந்த ஒரு போத்தலைக் கண்டுபிடித்து, என்ன அளவில் ஊற்றுவதென்று தெரியாமற் கண்ணாடிக் குவளை நிறைய ஊற்றிக் கொடுக்கிறார்கள். பெண்கள் கழிவறை வேறு பழுது.

அவளுக்குத் தங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டுமல்லவா? பேய்க்கதைகள் தொடங்குகின்றன. ஜக் சொல்லுவது தேவதைகள் நடக்கும் பாதையிலே கட்டப்பட்ட வீடொன்றின் கதை. இரவிலே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தட்டும் சத்தம் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து, சிறு பிள்ளை தட்டும் உயரத்திலிருந்து வரும். இதைக் கேட்டபோது நாம் மனத்துக்குள்ளே ஊருக்குப் போய்விட்டோம். முனி நடமாட்டம் உள்ள ஒழுங்கை, வைரவர் வலம் வரும் பாதை என்று எங்கள் பாட்டிமார் எத்தனை வேலிகளைத் தள்ளிப் போட வைத்தார்கள்! ஃபின்பாரின் கதை, இரவு மாடிப்படியிலே யாரோ நிற்பதாகப் பயந்து திரும்பிப் பார்க்கவும் துணியாமல் விடியும்வரை இருந்த கதை. ஜிம்மின் கதை, காய்ச்சலோடு மழையிலே புதைகுழி வெட்டப் போன கதை. சொல்லும்போது மூவருமே நம்பிக்கையோடுதான் சொல்லுகிறார்கள். அவள் குடியிருக்க வந்திருப்பது அந்தத் தேவதைப் பாதை வீட்டிலேதான் என்பது இடையிலே தெரியவருகிறது. சற்றுச் சங்கடப்படுகிறார்கள், ஆனாலும் கதை சொல்லும் உற்சாகம் விடவில்லை.

அதன் பிறகு வலரி தன் கதையைச் சொல்லுகிறாள்.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். நீவ் என்று பெயர். இரவிலே பயப்படுகிற பிள்ளை. சுவரைத் தட்டுகிறார்கள், வெளியே ஒரு மனிதர் நிற்கிறார் என்று தாயை அழைக்கிற பிள்ளை. ஒருநாள் நீச்சற் குளத்திலே தலை அடிபட்டு மூழ்கி இறந்துபோனாள். தாய் அந்த இடத்துக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. மகளின் குரல். தான் பாட்டி வீட்டில் இருப்பதாகவும், பயமாக இருப்பதாகவும், அம்மா வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் சொல்லுகிறது. கணவனிடம் சொன்னாள். அவனும் பிள்ளையை இழந்தவன்தான். அவளுக்கு மருத்துவ உதவி தேவை என்று நினைத்தான். அவள் தனித்துப் போனாள்; ஊரை விட்டு இங்கே வந்துவிட்டாள்.

அதுவரை பேயையும் தேவதையையும் பற்றி மணிக்கணக்காகப் பேசிய அந்த ஆண்கள் இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொருவராகப் பின்வாங்குகிறார்கள். அது கனவாக இருக்கலாம். தவறான இலக்கத்திலிருந்து வந்த அழைப்பாக இருக்கலாம். துக்கத்திலே அப்படித் தோன்றும். அத்தோடு நிற்கவில்லை. அவளை ஆறுதற்படுத்துவதற்காகத் தாங்கள் சொன்ன கதைகளையும் தாங்களே இடித்துப் போடுகிறார்கள். ஜிம்முக்கு அன்றைக்குக் கடும் காய்ச்சல், தேவதைப் பாதை என்பது கிழடுகளின் கட்டுக்கதை என்றெல்லாம்! சபையிலே சிரிப்பு எழுந்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லுவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எமது கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் ஓர் அக்கா வருவா. அடையாளம் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தபடி இருக்கட்டும். அவவுடைய மகன் 2009-ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய சனத்தோடு வந்தவன். அதன்பின் அவனைக் கண்டவர் இல்லை. 2014-இல் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து நாம் மற்ற இருவரோடு உண்டியல் எண்ணிக்கொண்டிருந்தோம். (உண்டியலை ஒருவர் தனித்து எண்ணக்கூடாது என்ற விதியை இச்சபையிலே கொண்டுவந்தவர்களில் நாமும் ஒருவர்.) அக்கா வந்து வாசலில் நின்றா.

"தம்பி, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். பிள்ளை ரெலிபோன் எடுத்தவன்."

எழுந்து போனோம். இருக்கச் சொன்னோம். தண்ணீர் கொடுத்தோமா என்பது ஞாபகம் இல்லை. நாம் கேட்ட கேள்விகள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. என்ன நேரம் வந்தது? எந்த இலக்கம்? இலக்கம் விழாவிட்டால் கொம்பனியிடம் விவரம் எடுக்கலாமே? எவ்வளவு நேரம் பேசினவர்? "அம்மா எண்டு ஒருக்காக் கூப்பிட்டவன் தம்பி. பேந்து லைன் அறுந்துபோச்சு." ஒரே சொல்லிலே குரலை எப்படி அடையாளம் கண்டீர்கள்? ஐந்து வருடத்திலே குரல் மாறியிருக்குமே? கடைசியாக, மிகுந்த கனிவோடு, பிழையான இலக்கமாக இருக்கலாம் அக்கா என்று சொன்னோம்.

அக்கா எமது முகத்தைப் பார்த்து, "ஓம் தம்பி, இருக்கும்" என்றா. அதன் பிறகு அதைப் பற்றி எம்மிடம் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவா, மாலை கட்டுவா, எம்மைக் கண்டால் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பா.

மூன்று உண்மைக்காரர் தவறணைக்குள்ளே தங்கள் கதையைத் தாங்களே மறுத்துக்கொண்டிருந்தபோது நாம் மேல்மாடியிலே அந்த அக்காவின் முகத்தைத்தான் கண்டோம். அறுபத்துமூவரின் வரலாற்றை வருடந்தோறும் கேட்கிறோம். முதலையுண்ட பிள்ளை சுந்தரமூர்த்தி நாயனார் பாடியதும் உயிரோடு வந்ததைக் கேட்டுத் தலையசைக்கிறோம். அக்காவுக்கு மாத்திரம் இலக்கம் கேட்டோம்.

நிற்க. நாம் கேட்டது முழுதும் பிழையென்றும் சொல்ல முடியவில்லை. அதை இங்கே மறைத்தால் நேர்மையாகாது.

பல்கலைக்கழகத்திலே எமக்குத் தத்துவம் ஒரு துணைப்பாடமாக இருந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் 1748-இல் வெளியிட்ட நூலிலே அற்புதங்களைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதினார். ஒருவர் அற்புதம் ஒன்றைக் கண்டதாகச் சொன்னால் தராசை எடுங்கள். அவர் சொன்னது நடந்திருப்பது அதிசயமா, அவர் பொய் சொல்வதோ ஏமாந்திருப்பதோ அதிசயமா? எது பெரிய அதிசயமோ அதைத் தள்ளிவிடுங்கள். இதுதான் அவர் வாதத்தின் சாரம். தராசு என்றால் எம்போன்றவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

1877-இல் கிளிபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இன்னும் கடுமையாகப் பேசினார். போதிய ஆதாரம் இல்லாமல் எதை நம்புவதும், யார் நம்புவதும், எப்போது நம்புவதும் குற்றமே என்றார். அவர் சொன்ன உதாரணத்தை நாம் மறக்க முடியாது. ஒரு கப்பற் சொந்தக்காரன். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டும் என்று பிறர் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை தடவை போய்வந்த கப்பல், கடவுள் காப்பார் என்று தன் மனத்தைத் தானே தேற்றிக்கொண்டு அனுப்பிவிடுகிறான். நடுக்கடலிலே அது மூழ்குகிறது. அவன் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறான். அந்தக் கப்பலிலே இருந்தவர்கள் யார் என்றால், ஊரை விட்டு வேறு நாடு தேடிப் போன குடும்பங்கள். இதை யாழ்ப்பாணத்திலே பரீட்சைக்காகப் படித்தபோது வெறும் உதாரணமாகவே இருந்தது. முகவரின் வாயை நம்பிப் படகேறியவர்களோடு இந்நாட்டிலே பழகிய பிறகு கிளிபர்ட்டை எம்மால் இலேசாகத் தள்ள முடியவில்லை. காணாமற்போன பிள்ளை இன்ன முகாமில் இருக்கிறான், இவ்வளவு தந்தால் பேசவைக்கலாம் என்று தாய்மாரிடம் பணம் பறித்தவர்களும் உண்டல்லவா? அப்படி ஒருவர் அக்காவிடம் வந்திருந்தால் நாம் கேட்ட அத்தனை கேள்விகளையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். இலக்கமும் வேண்டும், நேரமும் வேண்டும்.

ஆனால் அன்றைக்கு அக்கா பணத்தைப் பற்றிப் பேசவில்லை. என்ன செய்யலாம் என்றும் கேட்கவில்லை. எமது கையொப்பம் எதற்கும் தேவைப்படவில்லை. கேளாத இடத்திலே கணக்காய்வு செய்தோம். எங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. கணக்கியல் படித்த எவரும் அதைத் தாண்டி வந்திருக்க முடியாது. கிங்ஸ்ரன் பருத்தி ஆலை வழக்கிலே 1896-இல் லோப்ஸ் என்ற நீதிபதி, கணக்காய்வாளர் வீட்டுக் காவல்நாய் போன்றவரேயன்றி மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டைநாய் அல்லர் என்று சொன்னார். சந்தேகத்துக்கு இடமில்லாதபோது நெடுநாள் பழகிய ஊழியரின் சொல்லை அவர் ஏற்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பிலே உண்டு. பருத்தி ஆலைக்காரருக்குக் கொடுத்த இந்தச் சலுகையை நாம் அக்காவுக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் சித்தாந்தத்திலே அறிவு வரும் வழிகளை அளவை என்கிறோம். காண்டல், கருதல், உரை என மூன்று. கண்டறிவது, ஊகித்தறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டறிவது. மூன்றாவதை வேத ஆகமங்களுக்கு மட்டும் உரியதென்று நினைத்துவிடுகிறோம். நியாய நூலார் இதையே ஆப்தரின் வாக்கு என்பர். ஆப்தர் யார்? ஒன்றைத் தாமே நேராக அறிந்து, அறிந்ததை அறிந்தபடியே பிறர்க்குச் சொல்ல விரும்புபவர். நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் (காமசூத்திரக்காரர் வேறு; இளைஞர்கள் குழம்ப வேண்டாம்) இன்னுமொரு படி போகிறார். இருடிகளுக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொதுவானதே என்கிறார். தவறணையில் இருந்து கதை சொல்லும் அயர்லாந்துக்காரிக்கும் அது பொருந்தும் என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

இந்த 'ஆப்த' என்ற சொல்லை எங்கள் வீடுகளிலே எங்கே கேட்டிருக்கிறோம்? ஆப்த நண்பன் என்றுதான். உற்ற சிநேகிதனைக் குறிக்க எங்கள் பெரியவர்கள் கையாண்ட சொல்லும், நம்பத்தக்க சாட்சியைக் குறிக்கத் தருக்கநூலார் கையாண்ட சொல்லும் ஒன்றே. சாட்சியாக ஏற்கத்தக்கவன் நண்பனாகிறானா, நண்பனானதால் அவன் சாட்சியை ஏற்கிறோமா என்பதை எம்மாற் தீர்க்க முடியவில்லை. ஆனால் வலரியின் கணவன் பிள்ளையோடு சேர்த்து எதை இழந்தான் என்பது இந்தச் சொல்லை வைத்துப் பார்க்கும்போது விளங்குகிறது. அவன் தொலைபேசி அழைப்பை நம்பாமல் விட்டது அத்தனை பெரிய காரியமில்லை. அன்று முதல் அவளை நோயாளியாகப் பார்த்தான். அவள் சொல்லுக்குச் சாட்சிப் பெறுமானம் இல்லாமற் போயிற்று.

அப்படிப் பார்க்கப்படுவது என்னவென்று எமக்குத் தெரியும்; தெரிந்திருந்தும் செய்தோம் என்பதுதான் வருத்தம். 2010-இல் இந்நாட்டிலே தஞ்சம் கேட்டபோது எம்மை விசாரித்த அதிகாரி மரியாதையானவர். குரலை உயர்த்தவே இல்லை. முதல் விசாரணையிலே நாம் சித்திரைக் கடைசி என்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஏப்ரல் கடைசி என்றார். இரண்டாவதிலே நாமே ஆங்கிலத்தில் மே மாதம் இரண்டாம் வாரம் என்றோம். தமிழ்ச் சித்திரை மே நடுப்பகுதி வரை போகும் என்பதை எழுதிக் கொடுத்தும் பலனில்லை. எண்களோடு பிழைப்பவர் ஒரு திகதியிலே தடுக்கி விழுந்தோம். நம்பகத்தன்மை இல்லை என்று கடிதம் வந்தது. மேன்முறையீட்டில் அது மாறியது என்பது வேறு கதை. கடிதம் வந்த இரவு எமக்குக் கோபம் வரவில்லை. நாம் சொன்னது நடந்ததுதானா என்று எமக்கே ஒரு கணம் ஐயம் வந்தது. அக்காவும் எமது கேள்விகளுக்குப் பிறகு வீட்டுக்குப் போய் அப்படி யோசித்திருப்பாவோ?

இனி நாடகத்துக்கு வருவோம். பின்வாங்கியவர்களைப் பார்த்து வலரி கோபிக்கவில்லை. நடந்தது நடந்ததுதான் என்று அமைதியாகச் சொல்லுகிறாள். இவர்கள் கதைகளைக் கேட்ட பிறகுதான் தனக்குப் பைத்தியமில்லை என்று தோன்றியதாம். அவளை வருத்துவது ஆவி உண்டா இல்லையா என்ற கேள்வியே இல்லை. பிள்ளை எங்கேயோ பயந்துகொண்டு இருக்கிறது, கூப்பிடுகிறது, போய்க் கூட்டிவர வழியில்லை. அவ்வளவுதான். ஃபின்பாரும் ஜிம்மும் போய்விடுகிறார்கள். ஜக், பிரெண்டன், வலரி மூவரும் அடுப்பருகே நெருங்கி உட்காருகிறார்கள். அப்போது ஜக் இன்னொரு கதை சொல்லுகிறார். இதிலே பேய் இல்லை.

இளமையிலே ஒரு பெண்ணை விரும்பினார். அவள் டப்ளின் போனாள். இவர் ஊரை விட்டு அசையவில்லை. அவள் அழைத்தும் போகாமல், காரணம் எதுவும் இல்லாமல், வீம்பாக இருந்துவிட்டார். அவள் வேறொருவரை மணந்த நாளிலே அழைப்பின்பேரிற் போய்க் கோயிலின் பின்வரிசையில் இருந்தார். மணப்பெண் திரும்பும்போது விருந்தினரில் ஒருவரைப் பார்ப்பதுபோல இவரையும் பார்த்துவிட்டுப் போனாள். வெளியேறி நடந்து, தெரியாத ஒரு தவறணைக்குள் நுழைந்தார். அங்கே நின்ற மனிதர் இவர் முகத்தைப் பார்த்தார், துருவிக் கேட்கவில்லை. ஒரு சான்ட்விச் செய்து கொண்டுவந்து முன்னால் வைத்தார். தொண்டையால் இறங்கவில்லை, ஆயினும் தமக்காக ஒருவர் செய்து தந்ததென்று ஜக் அதைச் சாப்பிட்டு முடித்தார். இத்தனை வருடமாக அதை மறக்கவில்லை.

ஜக் ஏன் இதைச் சொன்னார் என்று நாடகத்திலே யாரும் விளக்கவில்லை. எமக்குப் பட்டது இது. சற்றுமுன் அவளுடைய சொல்லை ஐயுற்றவர் அவர். 'இப்போது நம்புகிறேன்' என்று சொல்லியிருந்தால் அது உபசாரமாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு, அவள் தன்னை நம்பி வைத்ததற்கு ஈடாகத் தம்மிடம் இருந்த, தமக்கு வெட்கம் தரும் ஒன்றை எடுத்து அவள் முன்னே வைத்தார். இரட்டைப் பதிவுக் கணக்கிலே ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும். எமக்கு அந்தக் காட்சி அப்படித்தான் விளங்கியது, தொழிற் புத்தி. அதன்பிறகு விளக்கை அணைத்துவிட்டு மூவரும் சேர்ந்து வெளியே போகிறார்கள். நாடகம் முடிந்துவிடுகிறது.

கீழே வந்தபோது வாடிக்கையாளர் இன்னொரு தேநீர் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நடந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு உண்டியற் கணக்கை மற்ற இருவரிடமும் விட்டுவிட்டு, அக்கா மாலை கட்டும் இடத்துக்குப் போய் இருந்தோம். என்ன சொல்வதென்று ஆயத்தம் செய்திருந்தோம். அதெல்லாம் வரவில்லை. வேறொன்று வந்தது. இதுவரை வீட்டிலேகூடச் சொல்லாதது.

பல்கலைக்கழகத்திலே மூன்று வருடம் ஒரே அறையில் எம்மோடு இருந்த நண்பன் ஒருவன். படிப்பு முடிந்ததும் அவன் வன்னிக்குப் போனான். நாம் கொழும்புக்குப் போனோம். 2009 தை மாதம் ஓர் இரவு எமது கைத்தொலைபேசி அடித்தது. அவன்தான் என்று எமக்குத் தெரியும். அந்த நேரத்திலே அப்படி விட்டுவிட்டு அழைப்பவன் அவன் ஒருவனே. வன்னியிலிருந்து அழைப்பு வந்தது தெரிந்தால் விடுதியறைக்கு யார் வருவார்கள் என்ற பயம். மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்று தரம் அடித்து நின்றது. அதன்பின் வரவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. அவனுடைய தாயாருக்கு ஒரு கடிதம் எழுத எமக்குத் துணிவு வரவில்லை.

அக்கா பூவைத் தொடுத்துக்கொண்டே கேட்டா. எந்த இலக்கம் என்று கேட்கவில்லை. அவன்தான் எடுத்தவன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"அந்தத் தம்பிக்கு என்ன பேர்?"

சொன்னோம். பல வருடமாக வாயாற் சொல்லாத பெயர்.

"நட்சத்திரம்?"

தெரியாது என்றோம். மூன்று வருடம் ஒரே அறை, ஒரே சோற்றுப் பார்சலைப் பகிர்ந்திருக்கிறோம், நட்சத்திரம் கேட்டதில்லை.

"தெரியாட்டிப் பரவாயில்லை. சுவாமி பேரிலை செய்யலாம்" என்று சொல்லி, நாரை முடிந்து மாலையைத் தட்டில் வைத்தா. "பிள்ளைக்கும் இண்டைக்கு ஒண்டு செய்யோணும். சீட்டு நீங்கள்தானே எழுதுறனீங்கள்?"

சீட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தோம்.